காலை ஏழு முதல் மாலை ஏழு வரை வீட்டில் தனியாக ஒரு பூனை

"டொக்டர், இவர் வேணுமெண்டே செய்யிறார்" என்று சொல்லிக்கொண்டுதான் அந்தத் தங்கச்சி கூடையை மேசையில் வைத்தார். உள்ளே நான்கு வயது ஆண் பூனை. சாம்பல் நிறம், கொஞ்சம் கூடுதலான உடம்பு, கருத்தடை செய்தாயிற்று. வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் இந்த இரண்டு பேரும்தான் குடியிருக்கிறார்கள். இவருக்கு வங்கியில் வேலை. இரண்டு மாதமாகப் பூனை இவருடைய தலையணையில் சிறுநீர் கழிக்கிறது. மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்கிறாராம். "என்னைப் பழிவாங்குறார்" என்றார்.

பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது. வீட்டில் உங்கள் வாசம் அதிகம் தங்கும் இடம் உங்கள் படுக்கை. பதற்றத்தில் இருக்கும் பூனை தன் வாசத்தைக் கொண்டுபோய் அங்கே சேர்க்கிறது என்றுதான் நாங்கள் புரிந்துகொள்கிறோம். அமெரிக்காவில் 2002ல் வெளியான ஆய்வொன்று, ஆளைப் பிரிந்தால் தவிக்கும் 136 பூனைகளைப் பற்றியது. அவற்றுள் கண்ட இடத்தில் சிறுநீர் கழித்தவற்றில் முக்கால்வாசி, வளர்ப்பவரின் கட்டிலில் மட்டுமே கழித்திருந்தன.

ஆனாலும் மனப்பிரச்சினை என்று சொல்லுமுன் சிறுநீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பதற்றமே சிறுநீர்ப்பையை அழற்சியாக்கும். ஆண் பூனையில் அது குழாயை அடைக்கவும் செய்யும். தட்டில் போய்ப் போய்க் குந்துகிறது, முக்குகிறது, கத்துகிறது, ஒரு சொட்டு வருகிறது அல்லது அதுவும் இல்லை. இதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்து, எண்ணெய் பருக்கிவிட்டு மறுநாள் வரை காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். காத்திருக்காதீர்கள். முழுதாக அடைத்துவிட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். இரவானாலும் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடுங்கள்.

இந்தப் பூனைக்கு அப்படி ஒன்றும் இல்லை. சரி, இரண்டு மாதத்துக்கு முன் வீட்டில் என்ன மாறியது என்று கேட்டேன். "ஒண்டும் இல்லையே" என்றவர், கூடையை மூடும்போதுதான் சொன்னார்: முன்பு பம்பலப்பிட்டிக் கிளையில் வேலை, மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். இப்போது கோட்டைக்கு மாற்றம். காலை ஏழு மணிக்குக் கதவைப் பூட்டினால் திரும்பி வர மாலை ஏழாகிறது.

பழைய போன் ஒன்றை அலுமாரி மேல் வைத்து, தான் போன பிறகு வீட்டில் நடப்பதைப் பதிவுசெய்து வரச் சொன்னேன். ஒரு மணித்தியாலப் பதிவு. திறப்புச் சத்தம் ஓய்ந்ததும் பூனை கதவடியில் போய் உட்கார்ந்து, அடித்தொண்டையில் நீளமாக அழைக்கிறது. நிறுத்திக் காதைத் திருப்புகிறது. லிஃப்ட் சத்தம் கேட்டால் எழும்புகிறது, திரும்ப உட்காருகிறது. நாற்பது நிமிடம் இதேதான். பிறகு கட்டிலில் ஏறித் தலையணையை மோந்து பார்க்கிறது. கோப்பை நிறைய வைத்துப்போன சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தங்கச்சி பழி என்ற சொல்லையே எடுக்கவில்லை.

வளர்ந்த பூனை ஒரு நாளில் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தூங்கும். வேலைக்குப் போகிறவர்களின் பூனைகளில் பெரும்பாலானவை அந்த நேரத்தைத் தூங்கியே கழித்துவிடும். என் கணக்கில் சிக்கல் வருவது, விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றுமே நடக்காத வீடுகளில்தான். திரைச்சீலை மூடி, சாப்பாடு ஒரே கோப்பையில் குவிந்து கிடந்தால், அந்த வீட்டில் நடக்கும் ஒரே சம்பவம் நீங்கள் கதவைத் திறப்பதுதான்.

பூனையின் ஒழுங்கு வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம். காலையில் அதே வரிசையில் நடக்கவிடுங்கள். ஒரு நீள ஈர்க்கில் துணித்துண்டைக் கட்டி, பத்து நிமிடம் கதிரைக்கு அடியிலும் கதவு மறைவிலும் இழுத்து ஓடவிடுங்கள். கடைசியில் பிடிக்கவிடுங்கள், அப்புறம் சாப்பாடு. குளித்து உடுத்து நீங்கள் கிளம்பும்போது அது நக்கிக்கொண்டிருக்கும். ஈர்க்கை அலுமாரிக்குள் பூட்டிவிட்டுப் போங்கள். நூல், றிபன், சாமிப்படத்து மாலையின் நார் எதையும் தனியாக இருக்கும் பூனைக்கு எட்டும்படி விடக்கூடாது. விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுக்கும். வயிற்றைத் திறந்து நானே எடுத்திருக்கிறேன்.

உலர் உணவில் பாதியை முட்டை மட்டையின் குழிகளில் போட்டு, சிலவற்றைக் கடதாசி உருண்டையால் மூடி வையுங்கள். தேடித் தின்னட்டும். எறும்பு வரும் என்பீர்கள், வரும். மட்டையைத் தண்ணீர் ஊற்றிய ஒரு தட்டத்துக்கு நடுவே கவிழ்த்த கிண்ணத்தில் வைத்தால் வராது. ஈர உணவையோ அவித்த மீனையோ வைத்துவிட்டுப் போகாதீர்கள். கொழும்புப் புழுக்கத்தில் மத்தியானத்துக்குள் கெட்டுவிடும்.

அந்த வீட்டுக்கு நான் சொன்னதில் பெரிதும் உதவியது ஒரு பழைய பிளாஸ்டிக் கதிரை. கடல் பக்கத்து யன்னலுக்கு உறுதியான கம்பிவலை அடித்து, கதிரையை அங்கே போட்டு, திரைச்சீலையை ஒதுக்கிவிட்டார். காகங்களும், கரையோரப் பாதையில் போகும் ரயிலும் போதும். வலை இல்லாமல் யன்னலைத் திறந்துவைக்க வேண்டாம். பூனை விழாது என்பது வெறும் நம்பிக்கை.

போகும்போது கட்டிப்பிடித்து விடைபெறும் பழக்கத்தை விடுங்கள். நாளுக்கு நாலைந்து தரம் திறப்பை எடுத்துக் குலுக்கிவிட்டு, எங்கும் போகாமல் உட்காருங்கள். சில கிழமைகளில் அந்தச் சத்தத்துக்குப் பூனை பதறாது. நனைத்த இடத்தைப் பினாயிலால் துடைக்காதீர்கள். அது பூனைக்கு நஞ்சு. அதட்டவும் வேண்டாம், பதற்றம்தான் கூடும்.

துணைக்கு இன்னொரு பூனை எடுக்கட்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் அவசரப்பட வேண்டாம் என்றுதான் சொல்வேன். பூனை தனியாக வேட்டையாடும் பிராணி. முன்பின் தெரியாத ஒன்றை அதன் இடத்தில் கொண்டுவந்து விட்டால் ஒரு தலையணைக்குப் பதில் இரண்டு நனையலாம்.

நல்லூர்த் தேருக்கு யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கும் ஒரு சொல். மூன்று நாள் சாப்பாட்டைக் குவித்துவிட்டுப் போகாதீர்கள். கவலையில் சாப்பாட்டை விட்டுவிடும் பூனைக்கு, அதுவும் கொழுத்த பூனைக்கு, சில நாளிலேயே ஈரலில் கொழுப்பு படிந்துவிடும். பழகாத விடுதியைவிடத் தன் வீட்டிலேயே இருப்பது பல பூனைகளுக்கு நல்லது. திறப்பை மேல்மாடி அன்ரியிடம் கொடுத்து, நாளுக்கு இரண்டு தரம் வந்து பார்த்து, மணல் தட்டு நனைந்திருக்கிறதா என்றும் கவனிக்கச் சொல்லுங்கள்.

ஆறு கிழமை கழித்து அந்தத் தங்கச்சி இன்னொரு பதிவு அனுப்பியிருந்தார். கதவடியில் ஐந்து நிமிடம், அப்புறம் முட்டை மட்டை, அப்புறம் கதிரை. தலையணை மூன்று கிழமையாக நனையவில்லையாம். மெத்தை மேல் போட்ட பிளாஸ்டிக் விரிப்பை மட்டும் இன்னும் எடுக்கத் துணிவு வரவில்லை என்றார்.