தலைகீழாகப் பறந்தால் தெரியும் எடைக் கணக்கு

"கையேட்டில் போட்டிருந்த இடத்திலேயே ஈர்ப்பு மையத்தை வைத்தேன். நேராகப் பறக்கும்போது விமானம் அழகாகப் போகிறது. தலைகீழாகத் திருப்பினால் மட்டும் மூக்கு தரையை நோக்கிக் குனிகிறது. எங்கே தவறு?"

ரேடியோ கன்ட்ரோலில் பறக்கும் ஏரோபாட்டிக் (வான்சாகச) மாடல் விமானம் ஒன்றை முதன்முதலாகக் கட்டி முடித்த வாசகர் கேட்டிருக்கும் கேள்வி. அவர் தவறு எதுவும் செய்யவில்லை. ஈர்ப்பு மையம் என்பது விமானத்தின் மொத்த எடையும் சமன்படும் புள்ளி. அதற்குக் கையேடு சொல்லும் இடம் பத்திரமான தொடக்கம், அவ்வளவுதான். சரியான இடம் எது என்பதை விமானமே சொல்லும், அதுவும் தலைகீழாக இருக்கும்போது.

தரையில் முடிக்க வேண்டியதை முதலில் சட்டென்று பார்த்துவிடுவோம். கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரின் கட்டளையை விமானத்துக்குள் இருக்கும் ரிசீவர் வாங்கி, ஒவ்வொரு சர்வோவுக்கும் (பரப்புகளை அசைக்கும் சிறு மோட்டார்) 1 முதல் 2 மில்லிசெகண்ட் நீளமுள்ள மின்துடிப்புகளை அனுப்புகிறது. 1.5 என்றால் சர்வோவின் கை நடுவில் நிற்கும். அந்த நிலையில் எய்லரான் (இறக்கையில் இருந்து விமானத்தை உருட்டுவது), எலிவேட்டர் (வாலில் இருந்து மூக்கை ஏற்றி இறக்குவது), ரட்டர் (வாலில் இருந்து மூக்கை இடம் வலம் திருப்புவது) ஆகிய மூன்று பரப்புகளும் மட்டமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டிரான்ஸ்மிட்டரைத் தொடாமல், இணைப்புக் கம்பியின் நீளத்தைத் திருகிச் சரிசெய்யுங்கள். இணைப்பில் ஆட்டம் இருந்தால் வேகத்தில் அது படபடப்பாக வளர்ந்து பரப்பையே பிய்த்துவிடும். அப்புறம் திசை. டிரான்ஸ்மிட்டரின் எய்லரான் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே எழ வேண்டும். இதைப் பார்க்காமல் கிளப்பி, தரையை விட்டு எழுந்த சில நொடிகளில் ஒரு விமானத்தை இழந்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லியபடியே சோதிக்கிறேன்.

சரி, இப்போது ஈர்ப்பு மையம்.

பறக்கும் விமானத்தின் மூக்கைக் காற்று சற்று மேலே தூக்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் கூடுகிறது. கோணம் கூடினால் தூக்கு விசையும் கூடும். இறக்கையும் வாலும் சேர்ந்து புதிதாக உண்டாக்கும் இந்தக் கூடுதல் விசை எந்தப் புள்ளியில் செயல்படுகிறதோ, அதற்கு நடுநிலைப் புள்ளி என்று பெயர். ஈர்ப்பு மையம் அதற்கு முன்னால் இருந்தால், கூடுதல் விசை பின்பக்கத்தைத் தூக்கும், மூக்கு தானாகத் தாழும். அம்பின் முனை கனமாகவும் இறகு பின்னாலும் இருப்பதற்கும் இதே காரணம்தான். ஈர்ப்பு மையம் நடுநிலைப் புள்ளிக்குப் பின்னால் போய்விட்டால், எழுந்த மூக்கு இன்னும் எழும். கை சுதாரிப்பதற்குள் விமானம் குட்டிக்கரணம் போட்டுவிடும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால்? மூக்கைக் காட்டிய திசையில் அப்படியே நிற்கும். திரும்பியும் வராது, ஓடியும் போகாது.

கற்றுக்கொள்பவரின் விமானத்தில் மையத்தை நன்றாக முன்னால் வைப்பார்கள். ஏரோபாட்டிக் விமானத்துக்கு வேண்டியது மூன்றாவது நிலைக்கு மிக அருகில், ஒரு மயிரிழை முன்னால். 1903-இல் பறந்த ரைட் சகோதரர்களின் விமானத்தில் ஈர்ப்பு மையம் நடுநிலைப் புள்ளிக்குப் பின்னால் இருந்தது. அதை நிலையாக வைத்திருக்க ஓட்டியவர் ஓயாமல் போராட வேண்டியிருந்தது. எஃப்-16 போர் விமானத்தில் அந்தப் போராட்டத்தைக் கணினி செய்கிறது.

ஏரோபாட்டிக் இறக்கையின் மேல்வளைவும் கீழ்வளைவும் ஒன்றுதான். நேராகவோ தலைகீழாகவோ, அதற்கு வித்தியாசம் கிடையாது. அப்படியானால் வாசகரின் விமானம் ஏன் குனிகிறது? மூக்கு கனமாக இருப்பதால், நேராகப் பறக்கும்போது அதைத் தாங்கிப் பிடிக்க எலிவேட்டரைச் சற்று மேலே வைத்து டிரிம் செய்திருப்பார், அதாவது குச்சியைத் தொடாமலே அது அந்த நிலையில் நிற்கும்படி அமைத்திருப்பார். தலைகீழானதும் அதே எலிவேட்டர் மூக்கைத் தரைப்பக்கம் திருப்புகிறது, மூக்கின் கனமும் அதே பக்கம் இழுக்கிறது. இதுவரை ஒன்றையொன்று சமன்செய்த இரண்டும் இப்போது கைகோத்துக்கொள்கின்றன. நேராகப் பறக்கும்போது மறைந்திருந்த பிழை இரட்டிப்பாக வெளியே வருகிறது. இந்த இடத்தைப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு உண்டான சந்தோஷம் இன்றும் குறையவில்லை. எந்தக் கருவியும் இல்லாமல், விமானத்தைப் புரட்டிப்போட்டே ஒரு மில்லிமீட்டர் கணக்கைப் படித்துவிடலாம்!

சோதனை இப்படி. காற்று அடங்கிய நேரத்தில், நல்ல உயரத்தில், நேராகவும் மட்டமாகவும் பறக்க டிரிம் செய்யுங்கள். முழு வேகத்தில் 45 பாகை ஏற்றத்தில் ஏற்றி, பாதி உருட்டித் தலைகீழாக்கி, எலிவேட்டர் குச்சியை விட்டுவிடுங்கள். ஏறும் கோட்டில் செய்வதால் தவறு நேர்ந்தாலும் உயரம் கையில் இருக்கும். மூக்கு உடனே தரைப்பக்கம் வளைந்தால் முன்கனம். வானத்தை நோக்கி வளைந்தால் பின்கனம், உடனே இறக்கிப் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். கோடு வெகுதூரம் நேராகப் போய், மெல்ல மெல்லத் தாழ்ந்தால் இடம் சரி.

மூன்று கிலோ விமானத்தில் 600 கிராம் பேட்டரியை 2 செ.மீ. நகர்த்தினால் ஈர்ப்பு மையம் 4 மி.மீ. மட்டுமே நகரும். 30 செ.மீ. அகல இறக்கையில் அந்த 4 மி.மீ. போதும், விமானத்தின் குணம் மாறுவது கையில் தெரியும்.

விமானத்தின் ஆட்டத்தை உணர்ந்து தானாகவே பரப்புகளை அசைத்துத் திருத்தும் கைரோ, இன்று பல ரிசீவர்களில் உள்ளேயே வருகிறது. நான் அதற்கு எதிரி அல்ல. ஆனால் எடை சரியாகும்வரை அதை அணைத்தே வையுங்கள். முன்கனத்தை அது சத்தமில்லாமல் திருத்திக்கொண்டே இருக்கும், விமானம் சொல்ல வந்தது உங்கள் காதில் விழாது.

வாசகருக்கு: பேட்டரியை 1 செ.மீ. பின்னால் நகர்த்துங்கள். பழைய இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். மறுபடி நேராகப் பறக்கவிட்டு டிரிம், மறுபடி 45 பாகை, மறுபடி தலைகீழ். ஒவ்வொரு முறையும் வளைவு குறைந்துகொண்டே வரும். எலிவேட்டர் லேசாகத் தொட்டாலே துள்ளத் தொடங்கும் இடம் வந்தால், கடைசி டேப்புக்குத் திரும்பிவிடுங்கள்.