தலைவலிக்குக் கழுத்தை முறுக்காதீர்கள்

போன மாதம் ஒரு சாயங்காலம், திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டும் 36 வயது டெய்லர் ஒருவர் என் கிளினிக்குக்கு வந்தார். "சலூன்ல சொடக்கு எடுத்ததுல கழுத்து பிடிச்சுக்கிச்சுங்க மேடம். ஒரு மசாஜ் பண்ணி விட்டீங்கன்னா நைட்டு வேலைக்குப் போயிருவேனுங்க" என்றார். வலது பக்கப் பிடரியில் இரண்டு நாளாக வலி. வழக்கமாகக் கேட்கிற கதைதான். ஆனால் நாற்காலியிலிருந்து எழுந்து நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். விசாரித்தால், காலையிலிருந்து எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். தூக்கம் கெட்டதால் இருக்கும் என்று அவரே முடிவு செய்துகொண்டு, நாள் முழுக்க மெஷின் ஓட்டியிருக்கிறார்.

நான் அவர் கழுத்தில் கையே வைக்கவில்லை. 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஸ்கேனில், கழுத்தெலும்புக்குள் ஏறி மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவர் கிழிந்திருந்தது தெரிந்தது. பின்மூளையில் சின்னதாக ஒரு பக்கவாதமும் வந்திருந்தது. பிழைத்துக்கொண்டார். நடை இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

சலூனில் கழுத்தை முறுக்கிக்கொண்டு இந்த வருடம் என்னிடம் வந்தவர்களில் அவர் ஏழாவது ஆள். மற்ற ஆறு பேருக்கும் வெறும் தசைப்பிடிப்புதான், பத்துப் பதினைந்து நாளில் சரியானது. தமனி கிழிவது அபூர்வம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த ஏழு பேரும் சலூன்காரரிடம் கழுத்தைக் கொடுத்தது எதற்காக? தலைவலிக்காக. அதுவும் முறுக்கினால் தீராத தலைவலிக்காக. அதுதான் என்னை எழுத வைத்தது.

அந்தத் தலைவலியில், தலையைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்கினது போல இரண்டு பக்கமும் வலிக்கும். விண்விண் என்று தெறிக்காது, வாந்தி வராது, மாடிப்படி ஏறினால் அதிகமாகாது. அரை மணி நேரத்திலும் போகலாம், ஒரு வாரமும் இழுக்கலாம். டென்ஷன் தலைவலி என்று இதற்குப் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது, அந்தப் பெயரைச் சொன்னதுமே "எனக்கு என்னங்க டென்ஷன், வீட்ல எல்லாம் நல்லாத்தான் போகுது" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இங்கே சொல்லும் டென்ஷனில் பாதி, தசையின் இறுக்கம். பத்து மணி நேரம் துணியைப் பார்த்துக் குனிந்தே இருந்தால், நாலரை ஐந்து கிலோ எடையுள்ள தலையைப் பிடரித் தசைகள்தான் தாங்கியாக வேண்டும். தோள்பட்டை மேலே இருக்கும் தசையில் ஒரு முடிச்சை அமுக்கினால் வலி நெற்றிப்பொட்டில் போய் உறைக்கும். நம்பாதவர்கள் இப்போதே அமுக்கிப் பாருங்கள்.

சரி, அந்தச் சொடக்குக்கு வருவோம். முறுக்குவதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். அந்த 'டப்' சத்தத்தின் மேல் நம் ஆட்கள் வைத்திருக்கும் பக்தியைத்தான் தாங்க முடியவில்லை. சத்தம் வந்தால் "நரம்பு ரிலீஸ் ஆயிருச்சு". வரவில்லை என்றால் "இன்னும் ஒரு தடவை போடுங்கண்ணா". அந்தச் சத்தம் நரம்பிலிருந்து வருவதில்லை. பிசகின எலும்பு இடத்தில் உட்காரும் சத்தமும் இல்லை, அங்கே எதுவும் பிசகியிருக்கவில்லை. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீரில் வாயு கரைந்திருக்கிறது. மூட்டைச் சட்டென்று இழுத்தால் உள்ளே அழுத்தம் குறைந்து ஒரு வாயுக்குழி உண்டாகிறது, அப்போது வருவது அந்தச் சத்தம். விரலில் நெட்டி முறித்தால் கேட்கிறதே, அதுவேதான். கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015-இல் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் வைத்து இழுத்து, அந்தக் குழி உண்டாவதைப் படமாகவே எடுத்துக் காட்டிவிட்டார்கள். அதனால்தான் ஒரு விரலில் நெட்டி எடுத்த கையோடு அதே விரலில் மறுபடி எடுக்க முடிவதில்லை. வாயு திரும்பக் கரைய இருபது நிமிடம் போல ஆகும். விரலில் நெட்டி எடுத்துவிட்டு யாராவது "தலைவலி போச்சு" என்கிறீர்களா? பிறகு கழுத்து மூட்டில் வரும் அதே சத்தத்துக்கு மட்டும் ஏன் இந்த மரியாதை?

"ஆனா சொடக்கு எடுத்ததும் லேசா இருக்குதுங்களே மேடம்." இருக்கும். திடீர் இழுப்பில் தசை கொஞ்ச நேரம் தளர்ந்து கொடுக்கும். பிறகு பழையபடி இறுகும். நீங்களும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே நாற்காலியில் போய் உட்காருவீர்கள். வலி இருப்பது தசையில், நீங்கள் சத்தம் எழுப்புவது மூட்டில். விலாசமே தப்பு.

டெய்லருக்குக் கிழிந்திருந்த அந்தத் தமனி ஆறாவது கழுத்தெலும்பில் நுழைந்து, எலும்புத் துளைகள் வழியாகவே மேலே ஏறி, முதல் எலும்பின் மேல் வளைந்து மண்டைக்குள் போகிறது. தலையை வெடுக்கென்று திருப்பும்போது அந்த வளைவுதான் இழுபடும். சமயத்தில் தமனி முன்பே லேசாகக் கிழிந்திருந்து, அந்த வலியைத்தான் பிடிப்பு என்று நினைத்து ஆள் முறுக்கிக்கொள்ளப் போயிருப்பார். அது இன்னும் மோசம். பெண்கள் "நாங்க சலூனுக்குப் போறதில்லையே" என்று நிம்மதிப்பட வேண்டாம். பார்லரில் தலை அலசும்போது கழுத்தைப் பின்னால் மடக்கி வைத்ததால் பக்கவாதம் வந்த ஐந்து பெண்களைப் பற்றி அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வைன்ட்ராப் 1993-லேயே எழுதிவிட்டார். தொட்டியின் விளிம்பில் ஒரு துண்டை மடித்து வைக்கச் சொல்லுங்கள், போதும்.

அப்போது மசாஜே வேண்டாமா? வேண்டும். அதைச் செய்துதானே நான் சாப்பிடுகிறேன். நிதானமாக நீவி, பிசைந்து விடுகிற மசாஜ் இந்தத் தலைவலிக்கு நல்லது. எவ்வளவு நல்லது என்பதில் என் தொழிலுக்குக் கொஞ்சம் கசப்பான சேதியும் உண்டு. 2015-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 56 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு குழுவுக்கு ஆறு வாரத்தில் 12 முறை தலை, கழுத்து மசாஜ். இன்னொரு குழுவுக்கு வலிக்கு வைக்கும் அல்ட்ராசவுண்ட் மெஷினை, ஓடவிடாமல் சும்மா தேய்த்தார்கள். தலைவலி வருவது இரண்டு குழுவிலும் குறைந்தது. தேறியிருக்கிறோம் என்று அதிகம் உணர்ந்தவர்கள் மசாஜ் குழுவினர். யாராவது அக்கறையாக அரை மணி நேரம் தொட்டுப் பார்ப்பதிலேயே பாதி வைத்தியம் இருக்கிறது போல. ஆகவே ஐந்தாயிரம், பத்தாயிரம் கட்டி பேக்கேஜ் வாங்காதீர்கள், என்னிடமும்தான்.

வீட்டிலேயே செய்யலாம். மல்லாந்து படுத்து, பின்மண்டை எலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே இரண்டு கை விரல் நுனிகளையும் வைத்து, தலையின் எடையை அதன் மேல் விட்டுவிடுங்கள். அமுக்க வேண்டாம். இரண்டு நிமிடத்தில் தசை தானாக இளகும். தோள்பட்டைத் தசையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே பிடித்து, அரை நிமிடம் அப்படியே வைத்திருந்து, பிறகு விட்டுவிடுங்கள். பல்லைக் கடிக்கிற பழக்கம் இருந்தால் தாடைத் தசையையும் வட்டமாகத் தேய்க்க வேண்டும். சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டு, எந்தத் தைலத்துக்கும் குறைந்ததில்லை. "நல்லா வலிக்க அமுக்குங்க, அப்பதான் கேக்கும்" என்பதும் பொய். வலித்தால் தசை இன்னும் இறுகும்.

கழுத்தின் முன்பக்கம், நாடி துடிக்கிற இடத்தில் அமுக்கவே கூடாது, மயக்கம் போட்டு விழுந்துவிடுவீர்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி வந்து, நெற்றிப்பொட்டைத் தொட்டால் வலித்து, மெல்லும்போது தாடையும் வலித்தால் தைலம் தடவிக்கொண்டிருக்காதீர்கள். அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், பார்வையே போகலாம், உடனே டாக்டரிடம் போங்கள். இடி விழுந்தது போலத் திடீரென்று தொடங்கும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், இதில் எது வந்தாலும் மசாஜ் கிடையாது, 108தான். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் அவகாசம். அந்த டெய்லர் பகல் முழுக்கத் தைத்துக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

மாத்திரை பற்றி ஒரே வார்த்தை. மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் தலைவலி மாத்திரை போட்டால், சில மாதத்தில் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். டீக்கடையில் இறங்கும்போதெல்லாம் பக்கத்து மெடிக்கலில் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் எண்ணிப் பாருங்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்பவரிடம் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடங்கள் என்றால் முறைப்பார், தெரியும். ஒவ்வொரு பண்டல் முடியும்போதாவது தோளை நாலு தரம் சுழற்றுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

எங்கள் தெரு சலூன் அண்ணனிடமும் பேசினேன். நாள் முழுக்க அடுத்தவர் தலை மேல் குனிந்து நிற்பதால் அவருக்கும் இதே தலைவலிதான், என்னிடம்தான் வருகிறார். முழுக்கக் கேட்டுவிட்டு, தலைக்கு எண்ணெய் மசாஜ் மட்டும் செய்கிறேன், கழுத்தை இனித் தொடமாட்டேன் என்றார். ஒரு வாரம் கழித்து வந்தபோது முகம் வாடியிருந்தது.

"நான் விட்டாலும் அவங்க விட மாட்டேங்கறாங்க மேடம். சொடக்கு எடுக்கலைன்னா எந்திரிக்கவே மாட்டேன்னு உக்காந்துக்கறாங்க."