நெப்ரோகல்சினோசிஸ்: சிறுநீரகத்தில் படிவது சுண்ணாம்பா?

ஸ்கான் அறிக்கையில் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, "கிட்னியில கல்லாம்" என்று வீட்டில் போய்ச் சொல்கிறவர்கள் எங்கள் திருகோணமலையில் உண்டு. கல் வேறு, இது வேறு. கல் சிறுநீர் போகும் வழியில் திரண்டு, அசைந்து, அடைத்து, ஆளைத் துடிக்க வைக்கும். கல்லடைப்பு என்று வைத்தியர்கள் சொல்வது அதைத்தான். நெப்ரோகல்சினோசிஸ் என்பது சிறுநீரகத்தின் சதைக்குள்ளேயே கல்சிய உப்புகள் பொடிப்பொடியாகப் படிவது. பெரும்பாலும் வலியே தெரியாது. ஒருவருக்கே இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு, அதுதான் குழப்பம்.

சொல்லைப் பிரித்தால் மூன்று துண்டு. நெப்ரோஸ் கிரேக்கத்தில் சிறுநீரகம். கல்க்ஸ் லத்தீனில் சுண்ணாம்பு. ஓசிஸ் என்பது நோய்நிலையைக் குறிக்கும் கிரேக்க விகுதி. 1808இல் ஹம்ப்ரி டேவி சுண்ணாம்பிலிருந்து மின்சாரத்தால் ஓர் உலோகத்தைப் பிரித்தெடுத்து, கல்க்ஸ் என்பதிலிருந்தே அதற்குக் கல்சியம் என்று பெயர் வைத்தார். நோயின் பெயர் 1934இல் வந்தது. இரத்தத்தின் கல்சிய அளவைக் கட்டுப்படுத்தும் பரதைரொயிட் சுரப்பி மிகையாக வேலை செய்த நோயாளிகளின் சிறுநீரகத்தில் கண்ட படிவை அமெரிக்க மருத்துவர் புல்லர் அல்பிரைட் இப்படி அழைத்தார்.

ஆக, மூலத்தைப் பார்த்தால் 'சிறுநீரகச் சுண்ணப்படிவு' என்பது பொருத்தமான தமிழ்தான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு தயக்கம். சுண்ணம் என்றதும் நம் ஆட்களுக்கு வெற்றிலைச் சுண்ணாம்பும், கிணற்றுத் தண்ணீர் காய்ச்சும் கேத்தலின் அடியில் ஒட்டிக்கிடக்கும் வெள்ளையும்தான் நினைவுக்கு வரும். "இந்தத் தண்ணியக் குடிச்சா கிட்னியும் இப்பிடித்தான்" என்று கேத்தலைக் காட்டிச் சொல்வார்கள். கேத்தலில் இருப்பது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. சிறுநீரகத்தில் படிவது கல்சியம் பொஸ்பேற்று, அல்லது கல்சியம் ஒட்சலேற்று. வடக்கு, வடமத்திய மாகாண விவசாயிகளை வாட்டும் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயும் இதுவல்ல. அதனால் 'சிறுநீரகக் கல்சியப் படிவு' என்றே எழுதுவேன். பாதி கடன்சொல், பரவாயில்லை.

அந்தப் பெயரும் ஒரு தப்பான முடிவுக்கு இழுக்கலாம்: கல்சியம் படிகிறதென்றால் கல்சியத்தைக் குறைத்தால் சரிதானே? இதற்கு நல்ல பதில் எலிகளிடம் இருக்கிறது. ஆய்வுகூட எலிகளுக்கெல்லாம் ஒரே மாதிரித் தீனி வேண்டும் என்று அமெரிக்க ஊட்டச்சத்து நிறுவகம் 1970களில் ஒரு கலவையை வகுத்தது. ஏஐஎன்-76 என்று பெயர். பாதி சீனி, ஐந்தில் ஒரு பங்கு கேசீன் என்ற பாற்புரதம், மிச்சத்தில் எண்ணெய், உப்புகள், விற்றமின்கள். ஆராய்ச்சியாளர்கள் வேறு எதையோ ஆராய இதைக் கொடுக்க, எலிகளின் சிறுநீரகத்தில் கல்சியம் படிந்தது. அதுவும் பெண் எலிகளுக்கே அதிகம். சூலகத்தை அகற்றினால் குறைந்தது, ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோனைக் கொடுத்தால் கூடியது.

காரணம் கல்சியம் கூடியது அல்ல, பொஸ்பரஸ் கூடியது. உப்புக் கலவையில் இருந்த பொஸ்பரஸ் போதாதென்று கேசீனிலும் பொஸ்பரஸ் இருந்தது. அணுக்கணக்கில் பார்த்தால் ஒரு பங்கு பொஸ்பரசுக்குக் கல்சியம் முக்கால் பங்குதான். 1993இல் தீனியைத் திருத்தியபோது பொஸ்பரசைக் குறைத்து அந்த விகிதத்தை 1.3 ஆக்கினார்கள். படிவு பெருமளவு அடங்கியது. மகனீசியம் குறைந்த தீனியிலும் இதே படிவு வரும், மகனீசியத்தைக் கூட்டினால் தணியும்.

எங்கே படிகிறது என்று பார்க்க விரும்பினால் சந்தையில் ஆட்டுக் குண்டிக்காய் ஒன்றை வாங்கி நீளவாக்கில் பிளந்து பாருங்கள். வெளிப்பட்டைக்கும் உட்பகுதிக்கும் நடுவே நிறம் மாறும் ஒரு வரம்பு தெரியும். இந்த எலிகளில் படிவு பெரும்பாலும் அந்த வரம்பை ஒட்டியே வரிசை கட்டும். மெல்லிய சீவலில் வெள்ளி நைத்திரேற்றை ஊற்றி வெளிச்சத்தில் வைத்தால் படிவெல்லாம் கறுப்புப் புள்ளிகளாகும். 1901இல் ஹங்கேரியின் வொன் கொஸ்ஸா விவரித்த முறை இது. வேடிக்கை என்னவென்றால், வெள்ளி பிடித்துக்கொள்வது கல்சியத்தை அல்ல, அதோடு ஒட்டியிருக்கும் பொஸ்பேற்றையும் காபனேற்றையும்.

மனிதரிலும் பொஸ்பேற்று இந்த வேலையைச் செய்திருக்கிறது. பெருங்குடல் பரிசோதனைக்கு முன் வயிற்றைக் கழுவக் கொடுத்த சோடியம் பொஸ்பேற்று மருந்துகளால் சிலருக்குச் சிறுநீரகத்தில் படிவு வந்து, 2008இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கை விடுத்தது.

ஒட்சலேற்றுப் படிவை ஆராய வேறு வழி. ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கோலை எலியின் குடிதண்ணீரில் சிறிதளவு கலப்பார்கள். ஈரல் அதை ஒட்சலேற்றாக மாற்றிவிடும். மனிதர் கூலண்ட் குடிப்பதில்லை. காமரங்காய்ச் சாறும் பிலிம்பிக்காய்ச் சாறும் குடிக்கிறார்கள், சிலர் மருந்தென்று வெறும் வயிற்றில். அதனால் ஒட்சலேற்றுப் படிந்து சிறுநீரகம் பழுதான நோயாளிகளை இலங்கையிலும் கேரளத்திலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இங்கே உணவிலுள்ள கல்சியம் நமக்குத் துணை: குடலிலேயே ஒட்சலேற்றைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும்.

இப்படி நோயை வரவழைத்து ஆராயும் எலியை ஆங்கிலத்தில் 'அனிமல் மொடல்' என்பார்கள். அதைத் தமிழில் 'விலங்கு மாதிரி' என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடலாம். "விலங்கு மாதிரிச் சாப்பிடுகிறான்" என்பதுபோல ஆகிவிடும். இரத்த மாதிரி, சிறுநீர் மாதிரி என்பவற்றோடும் குழம்பும். நம் பள்ளிப் பாடநூல்களில் உள்ள 'மாதிரியுரு' இருக்கும்போது கவலை எதற்கு? 'சிறுநீரகக் கல்சியப் படிவுக்கான விலங்கு மாதிரியுரு' என்றால் நீளம்தான், ஆனால் பொருள் பிசகாது.