பொறி வரலாம், நின்று எரியக் கூடாது

கப்பலூர் தொழிற்பேட்டையில் வெல்டிங் வைப்பவரைப் பார்த்திருப்பீர்கள். ராடை இரும்பில் ஒரு தட்டுத் தட்டி, லேசாகத் தூக்குவார். முதலில் ஒரு பொறி. அந்தச் சின்ன இடைவெளியில் இருக்கும் காற்று சூடேறி மின்சாரத்துக்கு வழிவிட்டதும், அப்புறம் குறைந்த வோல்டேஜிலேயே ஆர்க் நின்று எரியும், இரும்பு உருகும். பட்டறைக்கு வேண்டியது அதுதான். சிமென்ட் ஆலையின் தூசி பிடிக்கும் பெட்டிக்குள் அதே ஆர்க் நின்றால் பெரிய சேதம்.

ஆலைக்காரர்கள் அந்தப் பெட்டியை ஈ.எஸ்.பி. (எலக்ட்ரோஸ்டேட்டிக் பிரெசிபிடேட்டர்) என்பார்கள். உள்ளே ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு உயரமான இரும்புத் தகடுகள், 30, 40 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நிற்கும். தகடுகளுக்கு நடுவே கம்பிகள். தகட்டுக்கு எர்த், கம்பிக்கு எதிர்மின்னாக 50,000 வோல்ட், சில இடங்களில் அதற்கும் மேல். கம்பியிலிருந்து கசியும் மின்னூட்டம் புகையில் வரும் தூசியில் ஏறிக்கொள்ள, தூசி தகட்டில் போய் ஒட்டும். சுத்தியல் தட்டினால் கீழே ஹாப்பர் என்ற புனல் வடிவத் தொட்டியில் உதிரும். நன்றாக ஓடும் ஈ.எஸ்.பி. 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும்.

வோல்டேஜ் கூடக் கூடப் பிடிப்பும் கூடும். ஆனால் ஓர் எல்லையில் கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவே பொறி பாயும். அந்த எல்லை ஓரிடத்தில் நிற்பதில்லை. புகையின் சூடு, ஈரம், தகட்டில் படிந்த தூசி என்று எது மாறினாலும் அதுவும் நகரும். பயந்து வோல்டேஜை ரொம்பக் குறைத்தால் தூசி ஊருக்குள் போகும். அதனால் நிமிஷத்துக்குச் சில பொறிகள் வந்தால் வரட்டும் என்றுதான் ஓட்டுகிறார்கள். ஒரே பொறி பெரிதாக எதையும் கெடுத்துவிடாது. அது ஆர்க்காகி நின்றால்தான் கம்பி அரித்து அறும், அந்த வோல்டேஜைத் தரும் டிரான்ஸ்பார்மர் திணறும்.

அதைத் தடுக்கும் வேலை, டிரான்ஸ்பார்மருக்கு 415 வோல்ட் வரும் பக்கத்தில் இருக்கும் தைரிஸ்டர் என்ற மின்னணு சுவிட்சுடையது. அதில் ஒரு சிக்கல் உண்டு: ஒருமுறை திறந்துவிட்டால், கரண்ட் பூஜ்யத்துக்கு வரும்வரை அது மூடாது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓர் அரைச்சுற்று 10 மில்லிசெகண்ட். அதுவரை பொறிக்குள் கரண்ட் பாய்ந்துகொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் கரண்டை எகிறவிடாமல் பிடித்து வைப்பது, வரிசையில் போட்டிருக்கும் ஒரு பெரிய சோக். பழைய டியூப்லைட்டில் இருந்த சோக் செய்த அதே வேலை.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பொறியைக் கண்டதும் கன்ட்ரோலர் அடுத்த ஓரிரு அரைச்சுற்றுகளுக்குத் தைரிஸ்டரைத் திறப்பதே இல்லை. பொறி போன பாதையில் இருந்த சூடான அயனிகள் கலைய அந்த அவகாசம் போதும். உடனே முழு வோல்டேஜ் கொடுத்தால் அதே பாதையில் திரும்பப் பற்றிக்கொள்ளும். அதனால் முன்பு பொறி வந்த அளவுக்குச் சற்றுக் கீழே தொடங்கி, மெதுவாக ஏற்றி, எல்லை இப்போது எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்க்கும். நாள் முழுக்க இதே வேலை. இப்போது வரும் உயர் அதிர்வெண் சப்ளைகள் 10 மில்லிசெகண்ட் காத்திருப்பதில்லை, மைக்ரோசெகண்டுகளில் நிறுத்திவிடும்.

பொறியே வரக் கூடாத சமயம் ஒன்று உண்டு. சூளையில் எரிப்பு சரியில்லாமல் கார்பன் மோனாக்சைடு கூடினால், ஒரு பொறி போதும், பெட்டியே வெடிக்கும். அப்போது மின்சாரத்தை மொத்தமாக நிறுத்திவிட வேண்டும். நிறுத்திய அந்த நிமிஷங்களில் தூசி தடையில்லாமல் புகைபோக்கி ஏறும். பக்கத்து ஊரில் கொடியில் காயும் வேட்டியில் சாம்பல் நிறத்தில் படிவது அதுதான்.