எண்ணிக்கை ஏறிவிட்டது, சரி, மரபணு?

தீவுகளில் வாழும் பழந்தின்னி வௌவால்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே "இப்போது எத்தனை இருக்கின்றன?" என்றுதான் கேட்கிறார்கள். மரபியல் ஆய்வு செய்யும் எனக்கு அது பாதிக் கேள்விதான். அவற்றில் எத்தனை குட்டி போடுகின்றன, பக்கத்துத் தீவோடு போக்குவரத்து உண்டா என்பது மீதிப் பாதி.

இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸுக்குக் கிழக்கே உள்ள ரோட்ரிக்ஸ் தீவு வௌவாலைப் பாருங்கள். காட்டழிப்பும் புயல்களும் சேர்ந்து 1970-களில் அதை நூற்றுக்கும் கீழே கொண்டுபோய்விட்டன. 1976-இல் வனவிலங்குப் பாதுகாவலர் ஜெரால்ட் டரலின் குழு சிலவற்றைப் பிடித்து வளர்த்தது. தீவிலும் காடு மீண்டது. இன்று பல்லாயிரம் இருக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த நெருக்கடியில் தொலைந்த மரபணு வகைகள், எண்ணிக்கை கூடியதால் மட்டும் திரும்பி வருவதில்லை. புதிதாக ஒரு நோய் வந்தால் தாக்குப்பிடிக்கத் தேவையான வகை, தொலைந்தவற்றில் ஒன்றாகக்கூட இருக்கலாம்.

ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் இடையே உள்ள கொமொரோ தீவுகளின் கதை இன்னும் சுவாரசியமானது. அங்குள்ள லிவிங்ஸ்டன் வௌவால் அஞ்சுவான், மொஹேலி ஆகிய இரண்டு தீவுகளில் மட்டுமே வாழ்கிறது. மொத்தமே ஆயிரத்துச் சொச்சம். பெரிய இறக்கை, நன்றாகப் பறக்கும். ஆனாலும் இரண்டு தீவுக் கூட்டங்களின் மரபணுக்களும் தெளிவாக வேறுபடுகின்றன. அதே கடலில் வாழும் இன்னொரு பழந்தின்னி இனத்தில் தீவுக்குத் தீவு அவ்வளவு வேறுபாடு இல்லை. ஆக, தடை கடல் மட்டுமல்ல. மலைக்காட்டை விட்டு வெளியே வராத வாழ்க்கைமுறையும் காரணமாக இருக்கலாம். அஞ்சுவானில் காடு அழிந்தால் மொஹேலிக் கூட்டம் அதை ஈடுசெய்யும் என்று திட்டம் போட முடியாது. இரண்டையும் தனித்தனியாகத்தான் காக்க வேண்டும்.

இந்த மரபணு ஆய்வுக்கெல்லாம் வௌவாலைக் கொல்ல வேண்டியதில்லை. இறக்கைச் சவ்வில் சில மில்லிமீட்டர் துண்டு போதும், சில வாரங்களில் ஆறிவிடும். பிடிக்க முடியாத இடங்களில் எச்சம் சேகரிக்கிறோம். வெயிலும் ஈரமும் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும் என்பதால் புதிதாக விழுந்ததுதான் வேண்டும். (அந்த மரத்தடியில் வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து பார்க்கக் கூடாது.)

மொரீஷியஸில் 2015, 2016, 2018 ஆண்டுகளில் லிச்சியையும் மாம்பழத்தையும் காப்பதற்காக அரசே பல்லாயிரக்கணக்கில் வௌவால்களைச் சுட்டது. பொதுவாக ஆண்டுக்கு ஒரு குட்டி போடும் விலங்கு இது. தாயைச் சுட்டால் பால்குடிக் குட்டியும் போய்விடும். 2018-இல் மொரீஷியஸ் வௌவால் அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டது. பழமரத்துக்கு வலை போடுவது நல்ல மாற்றுவழி, ஆனால் வலையின் துளை பெரிதாக இருந்தால் வௌவால் சிக்கிச் செத்துவிடும். விரல் நுழையாத வலையாகப் பார்த்து, தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள்.