வெஸ்ட் லோதியன் கேள்வி: எப்படி வந்த சொல், தமிழில் எப்படிச் சொல்வது?

பிரிட்டன் அரசியலைக் கொஞ்சம் ஆழமாகப் படிக்கப் போனால் ‘வெஸ்ட் லோதியன் கேள்வி’ என்று ஒன்று எதிரே வந்து நிற்கும். ‘மேற்கு லோதியன் வினா’ என்று தமிழாக்கினாலும் ஒன்றும் விளங்காது. யார் இந்த லோதியன், அவர் என்ன கேட்டார் என்றுதான் தோன்றும். லோதியன் ஆள் இல்லை, ஊர். வெஸ்ட் லோதியன் என்பது ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவுக்கு மேற்கே இருக்கும் பகுதி, ஒரு காலத்தில் லின்லித்கோஷயர் என்று அழைக்கப்பட்டது.

கேட்டவர் அந்தத் தொகுதியின் லேபர் கட்சி எம்.பி. டாம் டீயெல். (எழுத்தைப் பார்த்தால் டால்யெல் என்று படிக்கத் தோன்றும், உச்சரிப்பு டீயெல்தான்.) 1977இல் ஜேம்ஸ் காலகனின் லேபர் அரசு ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனித்தனி மன்றம் அமைக்க மசோதா கொண்டுவந்தது. சொந்தக் கட்சியின் திட்டம்தான், ஆனால் டீயெல் அதை விடாமல் எதிர்த்தார். அவர் காட்டிய உதாரணம் எளிமையானது. அவருடைய தொகுதிக்குள் பிளாக்பர்ன் என்று ஓர் ஊர் இருக்கிறது, இங்கிலாந்தின் லங்காஷயரிலும் அதே பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு மன்றம் வந்துவிட்டால், லங்காஷயர் பிளாக்பர்னில் பள்ளிக்கூடம் எப்படி நடக்க வேண்டும் என்பதில் லண்டனில் உட்கார்ந்து டீயெல் வாக்களிக்கலாம். தனக்கு ஓட்டுப் போட்ட மக்கள் வாழும் பிளாக்பர்ன் பள்ளிக்கூடத்தைப் பற்றி வாக்களிக்க முடியாது, அது எடின்பரோவுக்குப் போய்விடும். இங்கிலாந்து எம்.பி.க்களுக்கோ ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் எந்தப் பேச்சும் கிடையாது. எத்தனை நாளைக்கு இதை இங்கிலாந்து பொறுத்துக்கொள்ளும் என்று கேட்டார். அதற்கு ‘வெஸ்ட் லோதியன் கேள்வி’ என்று பெயர் சூட்டியது அவரல்ல, அதே விவாதத்தில் பேசிய ஈனாக் பவல். 1968இல் குடியேறியவர்களுக்கு எதிராகப் பேசிப் பேர் கெட்ட அதே பவல்தான்.

பெயர்தான் 1977இல் வந்தது, சிக்கல் அதைவிட மிகப் பழையது. 1886இல் பிரிட்டன் பிரதமர் கிளாட்ஸ்டன் அயர்லாந்துக்குத் தன்னாட்சி கொடுக்கப் பார்த்தபோது, அப்படியானால் ஐரிஷ் உறுப்பினர்கள் வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது லண்டனில் உள்ள பிரிட்டன் நாடாளுமன்றத்தில், எதற்கு என்று அவர்களை வெளியே வைக்க நினைத்தார். வரி மட்டும் லண்டன் போடும், ஆள் இருக்க மாட்டார் என்றால் அது எப்படி நியாயம் என்று எதிர்ப்பு வந்தது. 1893இல் 80 பேர் இருக்கட்டும், பேரரசு விவகாரங்களில் மட்டும் வாக்களிக்கட்டும் என்றார். எது பேரரசு விவகாரம், எது உள்ளூர் விவகாரம் என்று கோடு கிழிக்க முடியாமல் அதையும் கைவிட வேண்டியதாயிற்று. அப்புறம் வட அயர்லாந்துக்கு 1921 முதல் 1972 வரை சொந்த நாடாளுமன்றம் இருந்தது, அதற்கு ஈடாக லண்டனில் இடங்களைக் குறைத்து வைத்திருந்தார்கள்.

இப்போது ‘கேள்வி’ என்ற சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே, தீராமல் நீளும் அரசியல் விவகாரத்தைக் கேள்வி என்று சொல்லும் வழக்கம் உண்டு. அயர்லாந்து விவகாரமே ‘ஐரிஷ் கேள்வி’தான். இதே வழியில் நம் மொழியிலும் ஒரு சொல் நடந்து வந்திருக்கிறது. பிரச்சினை என்கிறோமே, அது வடமொழியில் ‘பிரச்ன’, அதாவது கேள்வி. கேட்ட கேள்வி தீராமல் கிடந்து பிரச்சினை ஆகிவிட்டது. எனவே இங்கே கேள்வி என்று எழுதுவது பிழையில்லை, ஆனால் பொருள் போய்ச் சேர வேண்டுமென்றால் ‘சிக்கல்’ என்பதே பொருத்தம்.

சரி, இந்தச் சிக்கல் நம் வாசகர்களுக்குப் பிடிபடாமல் போக முக்கியக் காரணம் நம்முடைய ஒரு பழக்கம். ‘இங்கிலாந்துப் பிரதமர்’, ‘இங்கிலாந்து நாடாளுமன்றம்’ என்று எழுதிக்கொண்டே இருக்கிறோம். அப்படி ஒரு பிரதமரும் இல்லை, நாடாளுமன்றமும் இல்லை. 1999இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கூடியது, வேல்ஸுக்கும் வட அயர்லாந்துக்கும் மன்றங்கள் உண்டு, இங்கிலாந்துக்கு மட்டும் கிடையாது. அதன் பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றையும் நால்வருக்கும் பொதுவான வெஸ்ட்மின்ஸ்டர் சபைதான் தீர்மானிக்கிறது. இங்கிலாந்து, பிரிட்டன் இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் இந்தக் கேள்விக்கே அர்த்தம் இருக்காது.

டீயெல் கற்பனையாகச் சொன்னது நிஜமாகவே நடந்த ஒரு நாள் 27 ஜனவரி 2004. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு 3,000 பவுண்ட் வரை கட்டணம் வாங்க வழிசெய்யும் மசோதா, டோனி பிளேர் அரசுடையது. 316க்கு 311, ஐந்தே ஓட்டில் தப்பியது. ஸ்காட்லாந்து லேபர் உறுப்பினர்கள் இல்லாவிட்டால் தோற்றிருக்கும், ஸ்காட்லாந்திலேயே படிக்கும் அவர்களுடைய தொகுதி மாணவர்களுக்கோ இந்தக் கட்டணம் பொருந்தாது. கட்டணம் கட்டப்போகிற இங்கிலாந்து மாணவருக்கு வந்த கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

இதற்கு மருந்தாக வந்ததுதான் 2015 அக்டோபரில் டேவிட் கேமரன் அரசு கொண்டுவந்த நடைமுறை. இதைத் தமிழில் ‘ஆங்கிலச் சட்டங்களுக்கு ஆங்கில வாக்குகள்’ என்று எழுதிவிடாதீர்கள், ஆங்கிலம் என்பது நமக்கு மொழி. ‘இங்கிலாந்துச் சட்டத்துக்கு இங்கிலாந்து வாக்கு’ என்பதே சரி. இங்கிலாந்தை மட்டும் தொடும் மசோதா என்று சபாநாயகர் சான்று தந்தால், முழுச் சபையோடு இங்கிலாந்து எம்.பி.க்களின் பெரும்பான்மையும் தனியாக வேண்டும். கவனியுங்கள், இது தடுக்கும் உரிமை மட்டுமே, நிறைவேற்றும் உரிமை இல்லை. 2016 மார்ச்சில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஞாயிற்றுக்கிழமை கடை நேரத்தை நீட்டும் திட்டம் 317க்கு 286 என்று தோற்றது. ஆளுங்கட்சியிலேயே சிலர் எதிர்த்தார்கள்தான், ஆனால் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் ஓட்டுகள் சேராமல் இருந்திருந்தால் திட்டம் பிழைத்திருக்கும். புதிய நடைமுறையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 2021 ஜூலையில் அதையே எடுத்துவிட்டார்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். குறை உண்மையானது, ஆனால் ஸ்காட்லாந்து உறுப்பினர்களை வெளியே நிறுத்துவது அதற்குப் பதிலில்லை. இங்கிலாந்தில் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் ஒதுக்கும் பணம் கூடினாலும் குறைந்தாலும், மக்கள்தொகைக் கணக்குப்படி ஸ்காட்லாந்துக்குப் போகும் தொகையும் மாறும். பார்னெட் சூத்திரம் என்பது இதுதான். ஆக, பணம் புழங்கும் எந்த மசோதாவும் முழுக்க ‘இங்கிலாந்துக்கு மட்டும்’ ஆகாது. தவிர, 2024 தேர்தலில் 650 இடங்களில் இங்கிலாந்துக்கு 543 (நம் மக்களவையின் அதே எண்), ஸ்காட்லாந்துக்கு 57. 543 பேர் ஒன்றாக நின்றால் 57 பேர் எதையும் திணிக்க முடியாது. இங்கிலாந்து இரண்டாகப் பிரியும்போதுதான் அந்த 57க்குக் கனம் வருகிறது.

நல்ல தமிழ்ச் சொல்லாக நான் முன்வைப்பது ‘ஒருவழி வாக்குச் சிக்கல்’. ஒருவழிப் பாதை எல்லாருக்கும் தெரியும்: அங்கிருந்து இங்கே வரலாம், இங்கிருந்து அங்கே போக முடியாது. கூடவே வரும் ‘டெவல்யூஷன்’ (devolution) என்ற சொல்லுக்கு ‘அதிகாரப் பகிர்வு’ போதும், இலங்கைத் தமிழர்களின் அரசியல் பேச்சில் நன்றாகப் புழங்கிய சொல் அது. கட்டுரையில் முதல்முறை ‘வெஸ்ட் லோதியன் கேள்வி எனப்படும் ஒருவழி வாக்குச் சிக்கல்’ என்று எழுதிவிட்டு, பிறகு தமிழ்ச் சொல்லை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஊர்ப் பெயரை ‘மேற்கு லோதியன்’ என்று பாதி மொழிபெயர்க்க வேண்டாம், வெஸ்ட் லோதியன் என்றே இருக்கட்டும்.