12,000 கொகு: ஒரு குறுநில டைமியோவின் வரவும் செலவும்

டோகுகாவா ஷோகன்கள் (ராணுவ ஆட்சியாளர்கள்) ஜப்பானை ஆண்ட காலத்தில் (1603-1867) ஒருவர் டைமியோவா இல்லையா என்பதை அரிசிக் கணக்குதான் முடிவு செய்தது. 10,000 கொகுவோ அதற்கு மேலோ விளையும் நிலத்தை ஷோகனிடம் பெற்றவர் டைமியோ. ஒரு கொகு என்றால் சுமார் 180 லிட்டர், எடையில் ஏறத்தாழ 150 கிலோ அரிசி. ஓர் ஆளுக்கு ஓராண்டுச் சாப்பாடு. சுமார் 260 டைமியோக்களில் காகாவின் மாயேதா குடும்பம் 10 லட்சம் கொகுவைத் தாண்டியது. வரிசையின் கடைசியில் 10,000, 12,000 என்று நின்றவர்கள் பலர். ஐச்சி பகுதியின் அட்சுமி தீபகற்பத்தில், உப்புக்காற்று வீசும் தஹாராவை 1664 முதல் ஆண்ட மியாகே குடும்பம் அவர்களில் ஒன்று. அதன் அளவு 12,000 கொகு.

இந்த 12,000 வருமானம் அல்ல, நிலத்தின் மதிப்பிட்ட விளைச்சல். நல்ல நஞ்சைக்கு ஒரு தானுக்கு (300 சுபோ, சுமார் 990 சதுர மீட்டர்) ஒன்றரைக் கொகு, நடுத்தரத்துக்கு 1.3, மட்டமானதற்கு 1.1 என்று தரம் பிரித்து ஏட்டில் ஏற்றியிருந்தார்கள். பிரபுவுக்குச் சேருவது இதில் நாலு பங்கோ ஐந்து பங்கோதான், மீதி குடியானவருக்கு. பத்தில் நாலு என்றால் 12,000 என்பது 4,800 ஆகிவிடும்.

அந்த நாலு பங்கை முடிவு செய்ய அறுவடைக்கு முன் அதிகாரிகள் வயலுக்கு வருவார்கள். ஒரு சுபோ, அதாவது 3.3 சதுர மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து, நெல்லைப் படியால் அளப்பார்கள். கண்டுமுதல் ஒரு ஷோ (1.8 லிட்டர்) வந்தால் 300 சுபோவுக்கு 300 ஷோ, அதாவது 3 கொகு நெல். உமி நீக்கினால் பாதி என்று வைத்து ஒன்றரைக் கொகு அரிசி. கணக்கு எளிது, சிக்கல் வேறிடத்தில். அதிகாரி வந்து பார்க்கும்வரை கதிரில் அரிவாள் வைக்கக் கூடாது. அதற்குள் மழை பிடித்தால் முற்றிய நெல் உதிர்ந்து சேற்றில் போகும். வந்தவர்களுக்கு விருந்தும் கையூட்டும் தனி. அதனால் பல டைமியோ நாடுகள் கடந்த சில ஆண்டுகளின் சராசரியை எடுத்து நிலையான வரிக்கு மாறின. பிரபுவுக்கு வரவு இன்னதென்று முன்கூட்டியே தெரிந்தது. ஆனால் விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் அதே வரி என்றால் ஊரே மனுவோடு கோட்டை வாசலில் வந்து நிற்கும்.

வந்த அரிசியில் பெரும்பங்கு சாமுராய்களுக்குப் படியளக்கப் போய்விடும். தஹாராவில் இது கூடுதல் சுமை, நிலத்தின் அளவுக்கு அங்கே ஆட்கள் அதிகம். இந்த அளவு டைமியோக்களில் பலருக்குக் கோட்டையே கிடையாது, ஒரு மாளிகையோடு சரி. மியாகேக்களுக்குக் கோட்டை இருந்தது. பெருமைதான், ஆனால் மதிலையும் அகழியையும் பராமரிக்கும் செலவு அதே 4,800 கொகுவிலிருந்தே வர வேண்டும். 1615-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இடிந்த மதிலைச் சரிசெய்யக்கூட ஷோகன் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

மிஞ்சியதைத் தின்றது எடோ. 1635-இல் முறைப்படுத்தப்பட்ட விதிப்படி டைமியோ ஓராண்டு ஊரில், ஓராண்டு ஷோகனின் தலைநகரான எடோவில் (இன்றைய டோக்கியோ) இருக்க வேண்டும். மனைவியும் வாரிசும் எப்போதும் எடோவில்தான்; பிணைக்கைதிகள் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆக ஒரே வருமானத்தில் இரண்டு குடித்தனம். 10,000 முதல் 20,000 கொகு வரையானவருக்கு எடோ மாளிகை மனை 2,500 சுபோ என்று 1738-இல் வரையறுத்தார்கள். மியாகேக்களின் மாளிகை இருந்த சரிவு இன்றும் மியாகேசகா என்றே அழைக்கப்படுகிறது. ஜப்பானின் உச்ச நீதிமன்றம் நிற்பது அங்கேதான். மாதத்தின் 1, 15, 28 தேதிகளில் ஷோகன் கோட்டைக்குப் போய், தன் தகுதிக்கு ஒதுக்கிய அறையில் உட்கார்ந்து, குனிந்து வணங்கி வர வேண்டும். 1643-இல் 60,000 கொகுவுக்கு உட்பட்ட 16 டைமியோக்களுக்குத் தீயணைப்புப் பணி வந்தது: 10,000 கொகுவுக்கு 30 ஆட்கள் வீதம். எல்லாச் சுமையும் ஏட்டு எண்ணை வைத்தே வந்தது, களஞ்சியத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் இதுதான்.

தஹாராவிலிருந்து எடோ சுமார் 300 கி.மீ. 1721 விதி 10,000 கொகு பிரபுவின் ஊர்வலத்துக்கு 3, 4 குதிரை வீரர், 20 காலாட்கள், 30 சுமையாட்கள் போதும் என்றது. கௌரவம் அதைக் கேட்குமா? எடோ எல்லையில் கூலிக்கு ஆள் பிடித்து வரிசையை நீட்டியவர்கள் உண்டு. வழியில் ஒரு பெரிய விடுதியில் ஒரே இரவில் இரு பிரபுக்கள் தங்க முடியாது, ஆகவே முன்கூட்டியே ஆளனுப்பிப் பதிந்து வைக்க வேண்டும். அந்தப் பதிவையெல்லாம் குலைப்பது ஓயி ஆறு. அதற்குப் பாலம் கிடையாது, கூலியாட்கள் தோளிலோ பலகையிலோ தூக்கிக் கடத்துவார்கள். தண்ணீர் நாலரை ஷாகுவை (சுமார் 1.36 மீட்டர்) தாண்டினால் துறை மூடப்படும். வெள்ளம் வடியும்வரை மொத்தப் பரிவாரத்துக்கும் சாப்பாடு, படுக்கை, தீவனம் எல்லாம் பிரபுவின் செலவு.

செலவு முழுக்கக் காசில், வரவு அரிசியில். நன்றாக விளைந்தால் அரிசி விலை விழும், மற்ற பொருள்களின் விலை விழாது. அடுத்த அறுவடையை அடகு வைத்து வணிகரிடம் கடன், பிறகு சாமுராய்களின் படியில் வெட்டு, அதற்கும் பிறகு தத்து. தஹாராவில் 1827-இல் பிரபு யசுவாகி வாரிசின்றி இறந்தபோது அவருக்குத் தம்பி தோமோனோபு இருந்தார். ஆனாலும் பணக்கார ஹிமேஜி நாட்டின் சாகாய் குடும்பத்துப் பிள்ளையைத் தத்தெடுத்தார்கள். அவரோடு பணமும் வந்தது. தம்பிக்காகப் போராடித் தோற்றவர் ஓவியர் வதனபே கசான். 1832-இல் அவர் தஹாராவின் மூத்த அமைச்சரானதும் பரம்பரைப் படியை விட்டுப் பதவிக்கேற்ற படி என்று மாற்ற முயன்றார். ஒகுரா நாகட்சுனே என்ற வேளாண் அறிஞரை வரவழைத்துக் கரும்பும் மெழுகு மரமும் பயிரிட்டுப் பார்த்தார். இவற்றில் பெரிதாகப் பலித்தது குறைவு. 1835-இல் கட்டிய பஞ்சக் களஞ்சியம் மட்டும் பலித்தது: அடுத்த இரண்டு ஆண்டுகள் நாடெங்கும் பஞ்சத்தில் மக்கள் மடிந்தபோது தஹாராவில் பட்டினிச் சாவு இல்லை.

1862-இல் எடோ வாசம் மூன்றாண்டுக்கு 100 நாளாகக் குறைந்தது, மனைவி மக்கள் ஊர் திரும்பலாம் என்றானது. 1871-இல் டைமியோ நாடுகளையே கலைத்த மெய்ஜி அரசு, ஷோகன் ஆட்சிக்குப் பின் வந்தது, அவற்றின் கடனையும் ஏற்றது. 1843-லும் அதற்கு முன்பும் வாங்கிய கடன்கள் செல்லாது. 1844 முதல் 1867 வரை வாங்கியவை வட்டியில்லாமல் 50 ஆண்டுத் தவணையில். பிரபுக்களுக்கு டோக்கியோவில் பட்டமும் மானியமும் கிடைத்தன, கடன் கொடுத்த வணிகர்களில் பலர் கடையை மூடினார்கள்.